கொள்ளைக்காரனுக்குக் குரல் கொடுத்தவர்

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூடத்தில் ஜன்னல் கிடையாது, பட்டப்பகலிலும் கும்மிருட்டு. ஊமைப்படம் காட்ட குருண் ஊர்ப்பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அதைவிடத் தோதான இடம் ஏது? குழந்தைவேலு திரைக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார். பேசும் படம் வந்ததிலிருந்து, ஊமைப்படத்துக்கு வசனம் சொல்லும் அவர் பிழைப்பில் மண் விழுந்திருந்தது. ஜப்பான்காரன் வந்த பிறகு, கையால் சுற்றும் பழைய மெஷின் மறுபடி வெளியே வந்தது. படம் சொல்ல அவரைத் தேடி ஆளும் வந்தது. மலைப்பாதையில் ஆளைக் கொன்று பறிக்கிற கொள்ளைக்காரன், வழிப்பறி செய்யப்போன சாமியாரின் காலிலேயே விழுந்து திருந்துகிற கதை. படத்தில் இருப்பவர்கள் வாயசைப்பார்கள், பேசுவதெல்லாம் குழந்தைவேலு.

போன மாதம் பாடாங் மேஹா தோட்டத்தில் இதே படத்தைச் சொன்னார். நடுவில் வெளியே லாரி உறுமியது. கூட்டத்தின் கவனம் கலையக்கூடாதே என்று குரலை உயர்த்தினார், பாவி மனிதர்! படம் முடிந்தபோது வாசலில் துப்பாக்கிகள் நின்றன. பெண்களை வெளியே தள்ளிவிட்டு, ஆண்களைச் சயாமுக்கு ரயில்பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். அவருக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தார்கள். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் வசனம் பேசுகிற வாய்! அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தால் லாரிச் சத்தம் கேட்கிறது. குளிக்கத் தண்ணீர் மொண்டால் கேட்கிறது. இன்றைக்கும் லாரி வரும் என்று அவருக்குத் தெரியும். படம் சொல்லமாட்டேன் என்றால் தலை போகும் என்பதும் தெரியும்.

முன்வரிசையில், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் நவமணி, போர்வையைப் போர்த்தியிருந்த புருஷன் முருகையாவின் தோளைத் தட்டினாள்.

"அண்ணே, இவருக்கு மூணு நாளா காய்ச்சல். நீங்க படம் சொல்றீங்கன்னதும் எந்திரிச்சு வந்துட்டாருலா. நல்லா அழ வெச்சு அனுப்புங்க!"

படம் ஓடியது. பாதியில் லாரிச் சத்தம் கேட்டது. இது மனசுக்குள் கேட்கிற சத்தமா, வெளியிலா? வாசலில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய் திரும்பிப் பார்த்தான். வெளியில்தான். சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. திரையில் கொள்ளைக்காரன் வாயைத் திறந்தான்.

"கதவ அடைக்கப் போறானுங்க! ஆம்பளைங்க எல்லாம் ஓடிருங்க! சயாமுக்கு ஏத்திருவானுங்க!"

கூட்டம் விசிலடித்தது. ஒருவரும் அசையவில்லை. "கொள்ளைக்காரனுக்கே சயாம்னா பயம்லா!" என்று நவமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐயோ, இத்தனை வருஷம் தன் குரலை மறைத்து மறைத்துப் பழகிய வித்தை! பேசுவது கொள்ளைக்காரன் என்று நினைக்கிறவரை இவர்கள் எழுந்திருக்கப் போவதில்லை.

குழந்தைவேலு நடந்து போய்த் திரைக்கு முன்னால் வெளிச்சத்தில் நின்றார்.

"இது படமில்ல, தாயி. நான் பேசுறேன், குழந்தைவேலு. பாடாங் மேஹாவுல ஆம்பளைங்கள அள்ளிக்கிட்டுப் போனப்ப நான்தான் படம் சொன்னேன். அரிசி வாங்கித் தின்னேன். விறகு போடுற பின்கதவு தொறந்திருக்கு. எந்திரிங்க!"

நவமணியின் சிரிப்பு நின்றது. அவள் முருகையாவின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். பெஞ்சுகள் சாய்ந்தன. கூட்டம் பின்பக்கம் பாய்ந்தது. சிப்பாய் கத்தினான்; யாரும் நிற்காததால் பெஞ்சுகளைத் தாண்டித் திரையை நோக்கி வந்தான்.

மெஷின்காரனின் கை பயத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. குழந்தைவேலு நகரவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டையின்மேல் கொள்ளைக்காரன் முழங்காலிட்டு, கைகூப்பி, ஓயாமல் வாயசைத்துக்கொண்டிருந்தான்.