பூட்டிய வரிசைகள்

அந்த நகரத்தில் மூவாயிரத்து நாற்பது பேருக்கு ஒன்பது வருடமாக வயது ஏறவில்லை. காரணம் தண்ணீரோ காற்றோ அல்ல, நகரப் பதிவேட்டு அலுவலகத்தின் டேட்டாபேஸ். அதை வடிவமைத்தவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிறந்த தேதிக்கு இடம் ஒதுக்காமல் வயது என்ற எண்ணுக்கு மட்டும் ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தார். அன்றைக்கு அது போதும் என்று தோன்றியது. ஆண்டின் முதல் நாள் ஒரு சிறிய நிரல் ஓடி எல்லோருடைய கட்டத்திலும் ஒன்றைக் கூட்டும். ஊரும் அதன்படி மூத்துக்கொண்டு வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன், ஆளுக்கு ஒன்றாக இருந்த வரிசைகளில், திருத்தத்துக்காகப் பூட்டி வைத்திருந்தவற்றை நிரல் தாண்டிப் போனது. பூட்டிய குமாஸ்தா ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பூட்டைத் திறக்கும் அதிகாரம் அலுவலகத்தின் பெண் மேலதிகாரிக்கு மட்டுமே உண்டு. அவருடைய வரிசையும் பூட்டியவற்றில் ஒன்று, அவருக்கு வயது முப்பத்தொன்பது. அவர் அவசரப்படவில்லை. பூட்டில் சிக்கிய மற்றவர்களும் பெரும்பாலும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஐம்பத்தேழில் நின்றுபோன ஒரு தபால்காரர் மட்டும், ஓய்வு பெற முடியாமல், வருடத்துக்கு ஒரு மனுவைத் தபாலில் போட்டார். அதைக் கொண்டுவந்து கொடுப்பவரும் அவரே.

டேட்டாபேஸ்காரரின் மகளும் அந்த வரிசைகளில் இருந்தாள். அவளுடைய ரத்த வகையைத் திருத்தச் சொல்லி மனு கொடுத்து, அந்தப் பூட்டுக்கு வழி செய்தது அவர்தான். மகள் ஒன்பது முறை ஒன்றாம் வகுப்புப் படித்தாள். டீச்சர் எந்த இடத்தில் சிரிக்க வைப்பார் என்று தெரிந்து, அதற்கு முன்னாலேயே மரியாதைக்குச் சிரித்து முடித்திருப்பாள். சமையலறைச் சுவரில் அவள் உயரத்துக்கு வருடந்தோறும் அவர் மனைவி போட்ட பென்சில் கோடு, ஒரே இடத்தில் விழுந்து விழுந்து பள்ளமாகிவிட்டது.

பழைய காகிதப் பதிவேடுகளில் இருந்து எல்லோருடைய பிறந்த தேதியையும் எடுத்து, பூட்டைத் தொடாமலே அதிலிருந்து வயதைக் கணக்கிடும் ஒரு திருத்தத்தை அவர் எழுதினார். நான்கு வருடத்துக்கு முன், மேலதிகாரி விடுப்பில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதை டேட்டாபேஸில் ஏற்றினார். பன்னிரண்டு நாற்பதுக்கு மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது.

“என் முட்டி வலிக்குது சார். என்ன ஏத்தியிருந்தாலும் பழைய வெர்ஷனுக்குத் திருப்புங்க. அப்புறம் பேசிக்கலாம்.”

திருப்பினார். அன்று சாயங்காலம் மகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து கேட்டாள்: “காலையில கிளாஸ்ல ஜன்னல் கொக்கி எட்டுச்சுப்பா. மத்தியானம் எட்டலை. ஏன்?”

மேலதிகாரி சொன்ன ‘அப்புறம்’ வரவே இல்லை. திருத்தம், நடப்பு நிரலோடு சேராத ஒரு நகலாக, தனிக் கிளையில் கிடந்தது. மற்றவர்கள் செய்த மாற்றங்களை ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தக் கிளையில் சேர்த்து, அது மட்கிப் போகாமல் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் குறிப்பில் ‘காத்திருக்கிறது’ என்று எழுதினார். இருநூறு முறைக்கு மேல் எழுதியிருப்பார். தலை நரைத்தது. மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஒரு வியாழக்கிழமை, மகளின் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்த மனைவி எழ முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நமக்கு மட்டும்தாங்க வயசாகுது. நாம போனப்புறம் இவளுக்கு யார் இருக்கா?”

மகள் இன்னொரு காலையும் நீட்டியபடி சொன்னாள்: “ஆறு வயசு எனக்கு மனப்பாடம்ப்பா. அடுத்த பாடத்துக்குப் போகலாமா?”

வெள்ளிக்கிழமை எதையும் ஏற்றக்கூடாது என்பது அந்த அலுவலகத்தில் எழுதப்படாத சட்டம். ஏதாவது கெட்டுப்போனால் திங்கள்வரை திருப்ப ஆள் இருக்காது. அவர் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு ஏற்றினார், வயதுக் கட்டத்தை அடியோடு நீக்கினார், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டில் மகள் தையல் விட்டுப்போன கவுனை இழுத்துப் பிடித்தபடி, அம்மாவின் அலமாரியில் உடை தேடிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. மறுநாள் காலை அப்பாவும் மகளும் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பதினொன்று இருபதுக்கு மகப்பேறு மருத்துவமனையில் இருந்து ஒரு பெண் குழந்தையின் பதிவு வந்தது. வயது இல்லை, பிறந்த தேதி மட்டும். இனி பழைய வெர்ஷனுக்குத் திருப்பினால் அந்தக் குழந்தைக்குப் பதிவேட்டில் இடம் இருக்காது.

திங்கட்கிழமை மேலதிகாரி ஒரு காகிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்பத்தெட்டு வயது.

“யாரைக் கேட்டு ஏத்துனீங்க?”

“யாரையும் கேக்கலை மேடம்.”

“திருப்புங்க.”

“சனிக்கிழமை ஒரு குழந்தை பிறந்திருக்கு மேடம்.”

அவர் திரையிலிருந்து முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அந்த ஒரு வரிசையை வெகுநேரம் படித்தார்.

“மூக்குக் கண்ணாடிக் கடை பக்கத்துல எங்க சார் இருக்கு?”

“எதிர்த்த தெருவுலயே இருக்கு மேடம்.”

வயது அறுபத்தாறாகிவிட்ட தபால்காரர் அன்று தன் பையை ஒப்படைத்தார். மாலையில் மனைவி பென்சிலோடு சுவரருகே நின்றார். அவருக்கு எட்டவில்லை. மகள் பென்சிலை வாங்கித் தன் தலைக்கு மேல் தானே கோடு போட்டாள். அம்மாவைவிட நாலு விரல் அதிகம். பிறகு மூவரும் அவளுக்கு ஷூ வாங்கக் கடைக்குப் போனார்கள்.