கொறடா உத்தரவில் ஒரு நீலத் தையல்

என் வீட்டுக்காரர் சட்டமன்ற உறுப்பினராகி மூன்று வருடமான பிறகும் ஊரில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. டிரைவர் என்றுதான் பேர். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் திட்டிவிடுவேன். நான் தையல்காரி. வாசலை ஒட்டிய அறையில் என் மிஷின் கிடக்கிறது. மனு கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் என்னிடம்தான் கொடுப்பார்கள்.

அதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காகிதமானாலும் அவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் அதன் மூலையில் நீல நூலால் ஒரு தையல் போட்டுவிடுவேன். தையல் இருந்தால் அவரிடம் போய்விட்டது, இல்லையென்றால் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று வருடத்தில் ஒரு மனுகூடக் காணாமல் போனதில்லை. இதை நான் கொஞ்சம் ஜம்பமாகவே சொல்லிக்கொள்வேன்.

எங்கள் ஊர் பஸ் டெப்போவைத் தனியாருக்குக் கொடுக்கும் மசோதாவால் வந்தது வினை. கொண்டுவந்தது அவருடைய கட்சியேதான். டெப்போவில் யாரையும் கை வைக்க விடமாட்டேன் என்று வீடு வீடாகச் சொல்லி ஓட்டு வாங்கியவர் இவர். வாக்கெடுப்பு நாள் காலையில் கட்சி அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் உறையோடு வந்தான். கொறடா உத்தரவு. கட்சி உறுப்பினர்கள் எல்லாரும் மசோதாவை ஆதரித்து ஓட்டுப் போட வேண்டும், மீறினால் பதவி போகும். நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, வழக்கம்போல் அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றேன்.

"சொன்னதைச் செய்யப் போறேன்."

"யார் சொன்னதை?"

"நான் சொன்னதை."

வாக்கெடுப்பில் கட்சி வரிசையிலிருந்து எதிர்த்து எழுந்து நின்றவர் அவர் ஒருவர்தான். மசோதா என்னவோ நிறைவேறிவிட்டது. பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் பதவி தப்பும் என்று சட்டத்தில் இருக்கிறதாம். வருத்தம் தெரிவித்து நாலு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லி ஆள் மேல் ஆள் வந்தது. அவர் பேனாவைத் தொடவே இல்லை. பதினாறாம் நாள் தகுதி நீக்க மனு சபாநாயகரிடம் போனது.

எங்கள் பக்கம் வழக்கை நடத்தியது என் அண்ணன். எமகாதக வக்கீல். என் வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்து வந்து மிஷினுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அவங்க கேஸ்ல ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கு, தங்கச்சி. உத்தரவு மாப்பிள்ளை கைக்குப் போச்சுன்னு அவங்கதான் நிரூபிக்கணும். ரசீதுல இருக்கறது உன் கையெழுத்து. தைக்கிற துணிக்கு நடுவுல வெச்சேன், குடுக்க மறந்துட்டேன்னு நீ சொல்லிட்டா போதும். தெரியாத உத்தரவை அவர் எப்படி மீறுவாரு?"

"என்னைப் பார்த்தா மறதிக்காரி மாதிரியா இருக்கு?"

"ஒரே ஒரு நாளைக்கு. அவர்கிட்ட மூச்சு விடாதே, ஒத்துக்க மாட்டாரு."

இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மனு கொடுத்தவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆனாலும் பாதியில் நிற்கும் தண்ணீர்க் குழாய் வேலையும், அவர் உட்கார வேண்டிய நாற்காலியும்தான் கண் முன்னால் நின்றன. மனசைக் கல்லாக்கிக்கொண்டு சரி என்றேன்.

விசாரணை, சபாநாயகர் அறையை ஒட்டிய நீளமான கூடத்தில் நடந்தது. சபாநாயகரும் அதே கட்சிக்காரர்தான், ஆனால் கறார் பேர்வழி. உண்மையே பேசுவேன் என்று உறுதி சொல்லிவிட்டு, மூச்சுப் பிடித்துக்கொண்டு பொய்யைச் சொன்னேன்.

"மறந்துட்டேங்கய்யா. துணியோட துணியா எங்கேயோ போயிடுச்சு."

கட்சி வக்கீல் எழுந்தார். "மூணு மாசமா அந்தக் கடிதம் உங்க கண்ணுல படவே இல்லையா?"

"படலை."

அண்ணன் முகத்தில் பல்ப் எரிந்தது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்தார். அண்ணன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். அவர் நேராகச் சபாநாயகர் மேஜைக்குப் போய், பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து வைத்தார்.

"இதுதான் அந்த உத்தரவு. மூலையில நீலத் தையல் இருக்கு பாருங்க. என் சம்சாரம் என் கையில குடுக்கற காகிதத்துக்கு மட்டும்தான் இதைப் போடுவா. ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை படிச்சேன்."

அந்தத் தையல் எனக்கும் ஞாபகமில்லை, எமகாதக அண்ணனுக்கும் ஞாபகமில்லை. கை அதுபாட்டுக்குப் போட்டிருக்கிறது.

சபாநாயகர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதனால உங்க பதவி போயிடும்னு தெரியுமில்ல?"

"தெரியும். உத்தரவு தெரியாம போட்டிருந்தா அந்த ஓட்டு வெறும் கைத்தவறு ஐயா. நான் தெரிஞ்சேதான் எதிர்த்தேன். இவளை மறதிக்காரி ஆக்கிட்டு அந்த நாற்காலியில உட்கார எனக்கு இஷ்டமில்லை."

அத்தனை பேர் முன்னால் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. நானும் எழுந்தேன்.

"ஐயா, என் சாட்சியைத் திருத்தணும். நான் மறக்கலை, பொய் சொன்னேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா மறந்துட்டேன்னு மட்டும் எழுதி வெக்காதீங்க."

தட்டச்சுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார். சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு முறை முறைத்தார். "திருத்தி எழுதுங்க" என்றார் தட்டச்சுக்காரரிடம். "நீங்க இன்னொரு தடவை இங்க வந்து பொய் சொன்னா சும்மா விடமாட்டேன்" என்றார் என்னிடம்.

மதியத்துக்கு மேல் தீர்ப்பை வாசித்தார். உறுப்பினரே எடுத்துக் கொடுத்த ஆவணத்தால், உத்தரவு அவருக்குக் கிடைத்தது நிரூபணமாகிறது. கட்சி மன்னிக்கவில்லை. ஆகவே இன்று முதல் அவர் இந்த அவையின் உறுப்பினர் அல்ல.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் எழுந்து, கடைசி டிரிப் முடித்து வண்டியை ஒப்படைக்கிறவர்போல, சபாநாயகரைக் கும்பிட்டார். எனக்கு அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. இந்த மனுஷனுக்கா நான் பொய் சொல்லிப் பதவி வாங்கித்தரப் பார்த்தேன்! கை தானாகத் தட்ட ஆரம்பித்தது.

காவலர் ஓடி வந்தார். "அம்மா, இங்க கை தட்டக் கூடாது. வெளியே போங்க."

அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேரை அந்தக் கட்டடத்தை விட்டு அனுப்பினார்கள். அவரை அனுப்ப ஒரு சட்டமும், ஒரு மனுவும், மூன்று மாத விசாரணையும் தேவைப்பட்டன. எனக்கு ஒரு காவலர் போதும் என்று நினைத்துவிட்டார்கள். நான் வாசல்படி இறங்கும் வரைக்கும் தட்டிக்கொண்டேதான் போனேன்.