பசை குறைந்த தாள்

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே தாள் பிரிக்கும் கூடத்தில் குழல்விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். பூச்சு இயந்திரத்திலிருந்து வெட்டி வந்த ஆர்ட் பேப்பர் மேசைக்கு மேசை இடுப்புயரம் அடுக்கியிருக்கும். மேசைக்கு ஒரு பெண். விளிம்பைப் பிடித்து விசிறிபோல் விரித்து, ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கோடு விழுந்தது, புள்ளி விழுந்தது, பூச்சு திட்டுத்திட்டாய் ஏறியது எல்லாம் இடப்பக்கம். நல்லது வலப்பக்கம். பொழுதுக்கும் நின்றபடி வேலை. பளபளப்பான தாளின் விளிம்பு விரலைக் கீறிவிடும். ரத்தம் பட்ட தாள் கழிவில் சேரும். கீறலோடு திட்டும் வாங்க வேண்டும்.

அந்தக் கூடத்தில் ஒருத்திக்குக் கழுகு என்று பெயர். மற்றவர்கள் விட்ட புள்ளியை மூன்று மேசை தள்ளி நின்றே பிடித்துவிடுவாள். அவளுடைய கணவன் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த அச்சகத்தில் மெஷின்காரன். தாள் ஆலைக்கும் அச்சகத்துக்கும் ஒரே முதலாளி. இவள் பிரித்து அனுப்பும் தாளில்தான் அவன் அச்சடிக்கிறான். அதனால் அந்த வீட்டில் இரண்டு மாதமாகச் சண்டை.

"உங்க கூடத்துல எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டா பிரிக்கிறீங்க? பிள்ளைங்க புத்தகத்துக்குப் புலிப் படம் அடிச்சா, புலிக்குச் சொறி பிடிச்ச மாதிரி வெள்ளை வெள்ளையா வருது."

"மையைக் கூழ் மாதிரி அள்ளி அப்பினா தாள் என்னங்க பண்ணும்?"

"எனக்கு மை போடத் தெரியாதா?"

"எனக்குத் தாள் பார்க்கத் தெரியாதா?"

"எனக்குப் பசிக்குது" என்பாள் நடுவில் உட்கார்ந்திருக்கும் மகள். அப்போதைக்குச் சண்டை ஓயும்.

உண்மை இருவருக்குமே தெரியும். தாளின் மேல் பூசுவது வெள்ளைக் களிமண் மாவு. அதைத் தாளோடு பிடித்து வைப்பது பசை. பசை குறைந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பளபளப்பும் குறையாது. ஆனால் மை பிசுபிசுப்பானது. இழுக்கிற இழுப்பில் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும். பெயர்ந்த இடத்தில் படம் பொத்தலாகும். பெயர்ந்த மாவு இயந்திரத்தின் ரப்பர் உருளையில் அப்பிக்கொண்டு அடுத்த தாளையும் கெடுக்கும்.

தொட்டியில் பூச்சு கலக்கும் பசைக்காரர் ஒருநாள் டீ நேரத்தில் கூடத்து வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார். "பாதிப் பசைதாம்மா ஊத்தச் சொல்றாங்க. மேல பேசினா வீட்டுக்குப் போகச் சொல்றாங்க."

கெட்டுப்போன அச்சு திரும்பி வந்தபோதெல்லாம் கூலியில் பிடித்தார்கள். சரியாகப் பார்க்கவில்லை என்று இந்தப் பக்கம் பிடித்தார்கள். சரியாக ஓட்டவில்லை என்று அந்தப் பக்கம் பிடித்தார்கள். தெருவில் எதிரெதிரே வந்தால் இரண்டு பக்கத்தாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அன்று உச்சி வெயிலில் தெருவில் கூச்சல் கேட்டது. கழுகு ஜன்னலுக்கு ஓடினாள். அச்சகத்து ஆட்கள் ஒருவனைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் சுற்றியிருந்த துணி சிவப்பாய்ச் சொட்டியது. நடையைக் கொண்டே யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அச்சகத்தார் ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றார்கள். மூத்த மெஷின்காரர் ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

"ரப்பர்ல மாவு ஏறிடுச்சும்மா. நிறுத்தித்தான் துடைக்கணும். நிறுத்தினா ஆர்டர் தவறும், ஓடும்போதே துடைங்கடான்னு மேல இருந்து உத்தரவு. துணியை உருளை இழுத்துக்கிச்சு. கையும் கூடப் போயிடுச்சு." தன் கையில் இரண்டு விரலைத் தொட்டுக் காட்டினார். "ரெண்டு விரல் நுனி இல்ல. மத்ததெல்லாம் தப்பிச்சுது."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தத் தாள் எந்த மேசை வழியாகப் போயிருக்கும்? தன் மேசையாகவும் இருக்கலாம். தெரிந்தேதான் வலப்பக்கம் வைத்தோம்.

மாலையில் கூடத்துப் பெண்கள் வேலை முடிந்த கையோடு வந்தார்கள். பசைக்காரரும் வந்தார். ஒரே வராந்தாவில் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்க்காமல் நின்றது. கடைசியில் அச்சகத்துக்காரன் ஒருவன் முணுமுணுத்தான்.

"நீங்க பேசிக்கிட்டே பிரிக்கிறீங்கன்னு முதலாளி சொன்னாரு."

"எங்ககிட்ட உங்களுக்கு மெஷினே ஓட்டத் தெரியலன்னு சொன்னாரு" என்றாள் ஒருத்தி.

யாரோ சிரித்துவிட்டார்கள். பொறுக்க முடியாமல் வந்த சிரிப்பு. நர்ஸ் எட்டிப் பார்த்து அதட்டினாள். அதன் பிறகு எல்லோரும் தரையில் நெருங்கி உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார்கள். நெடுநேரம் பேசினார்கள்.

உள்ளே கட்டிலில் கணவன் விழித்திருந்தான். கட்டுப் போட்ட கை வயிற்றின் மேல் கிடந்தது.

"நாளைக்கு வேலைக்குப் போறியா?" என்று கேட்டான்.

"போறேன். நாளைக்குத்தான் ஒழுங்கா வேலை பார்க்கப் போறேன்."

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே கூடம் நிறைந்துவிட்டது. வழக்கமான பேச்சு இல்லை. கழுகு முதல் தாளை எடுத்தாள். வெளிச்சத்தில் சாய்த்தாள். பிறகு இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். கட்டைவிரலால் பூச்சை அழுத்தித் தேய்த்தாள். விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. தாளை இடப்பக்கம் வைத்தாள். அடுத்தது, அதுவும் இடப்பக்கம். எல்லா மேசைகளிலும் தேய்க்கும் சத்தம் எழுந்தது. வெயில் ஏறியபோது இடப்பக்க அடுக்குகள் மார்பளவு வளர்ந்திருந்தன. வலப்பக்கப் பலகைகள் துடைத்து வைத்தாற்போலக் கிடந்தன.

மேலாளர் வந்து பார்த்துவிட்டு ஓடினார். முதலாளியே வந்தார்.

"நல்ல தாள் எங்கே?"

"இன்னும் ஒண்ணு கூட வரலீங்க" என்றாள் கழுகு.

"உன் புருஷன் கவனமில்லாம கையை விட்டான். அதுக்கு இங்க வந்து பழி தீர்க்கிறியா? வைத்தியச் செலவை நான் பார்த்துக்கிறேன். தாள் நல்லாத்தான் இருந்துச்சுன்னு யார் கேட்டாலும் சொல்லு, போதும்."

"மாவு உதிருதுங்க. பசை போதல."

முதலாளி சிரித்தார். "அது எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறே? பசை என்ன விலை விக்குதுன்னு உனக்குத் தெரியுமா? பத்துத் தாள்ல ரெண்டு கெட்டாலும் எனக்குக் கட்டும்."

"எங்களுக்குக் கட்டாதுங்க" என்றாள் அவள். "கெட்டது எங்க கூலியில போகுது. பசையில மிச்சம் பிடிச்சது அவர் விரல்ல போச்சு. பசை சரியா விழட்டும், மெஷினை நிறுத்தித் துடைக்க விடுங்க, பிடிச்ச கூலியைக் கொடுங்க. வலப்பக்கம் தானா நிறையும்."

"நாளைக்கே வேற ஆளை வச்சுப் பிரிப்பேன்."

"வையுங்க. அவங்களுக்கும் விரல் இருக்கும். தேய்ச்சுப் பார்ப்பாங்க."

பின்வரிசையில் ஒருத்தி அடக்க முடியாமல் களுக்கென்றாள். முதலாளியின் முகம் கறுத்தது. அந்த நேரத்தில் பூச்சு இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. பசைக்காரர் கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றார்.

"தொட்டியைப் பூட்டிட்டேன் முதலாளி. முழுப் பசை வந்தா திறக்கிறேன்."

முதலாளி திரும்பி நடந்தார். கொஞ்ச நேரத்தில், அச்சகமாவது ஓடட்டும் என்று மேலாளரும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் கிடங்கிலிருந்த பழைய தாள் கட்டுகளை மூச்சிரைக்க லாரியில் ஏற்றினார்கள். அதுவும் அதே பசை குறைந்த தாள்தான். லாரி ஆலை வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து, அச்சகத்தின் முன்னால் போய் நின்றது. பெண்கள் கூடத்தை விட்டு அதன் பின்னாலேயே போனார்கள்.

அச்சகத்துக்குள் ஓர் இயந்திரமும் ஓடவில்லை. அச்சகத்தார் அத்தனை பேரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெண்களைக் கண்டதும் நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். படி போதாமல் பாதிப் பேர் தெருவிலேயே உட்கார்ந்தார்கள்.

மேலாளர் லாரிக்காரரிடம் கத்தினார். "நீயே இறக்குய்யா. கூலி தரேன்."

லாரிக்காரர் வெளியூர்க்காரர். யாரையும் தெரியாது. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி வாசலில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தார்.

"என்னம்மா பிரச்சினை?" என்று கழுகிடம் கேட்டார்.

அவள் எழுந்துபோய் ஒரு கட்டின் ஓரத்தில் விரலைத் தேய்த்துக் காட்டினாள். என்ன நடந்தது என்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் கிடப்பவன் யார் என்றும் சொன்னாள்.

லாரிக்காரர் என்ஜினை அணைத்தார். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கீழே இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றார்.

"கொஞ்சம் நகருங்க தாயி" என்றார்.