பதினெட்டு நிமிட வரிசை

பகல் இரண்டு மணிக்கு, மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் லோமா செக்கா எல்லை வாசலில் நடந்து கடப்பவர்களின் வரிசை, ஒரு மருந்துக்கடை, ஒரு பல் டாக்டர், இன்னொரு மருந்துக்கடை, இன்னொரு பல் டாக்டர் என்று எல்லாவற்றையும் தாண்டி, தேவாலயத்துச் சுவரில் முட்டித் திரும்பியிருந்தது. ஜூலை மாதம். தரையில் வைத்த பையை எடுத்தால் அடிப்பக்கம் சுடும். ஆறு கவுன்டர்களில் ஒன்று திறந்திருந்தது. மற்ற ஐந்தும் எதற்கு என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. அவை அழகுக்கு.

வரிசையை ஒட்டி ஒரு கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவுக்குப் பழம் ஏற்றிப் போகும் லாரிகள். அவற்றின் என்ஜினை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் குளிர் குறைந்து முலாம்பழம் கெட்டுவிடும். மத்தியானக் காற்று லாரிகளின் மேலிருந்து மனிதர்கள் பக்கமாகத்தான் வீசும். மனிதர்கள் கெட்டுப்போனால் நஷ்ட ஈடு கேட்க முதலாளி கிடையாது.

ஒத்திலியா அந்த வரிசையில் நீலக் குடையோடு நின்றிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. அமெரிக்கப் பக்கத்துப் பழக் கிடங்கில் முலாம்பழம் தரம் பிரிக்கிற வேலை. இன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தாள்.

ஐஸ் வண்டி தியோஃபிலோ அதைக் கவனித்துவிட்டான். வரிசையில் நிற்பவர்களை நம்பியே பிழைப்பவன் அவன். யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பது அவனுக்கு அத்துப்படி.

"என்ன தோன்யா ஒத்திலியா, சட்டையெல்லாம் பலமா இருக்கு. கல்யாணமா?"

"கூட்டம்."

"என்ன கூட்டம்?"

"வாசலைப் பெரிசு பண்றாங்களாம். லாரிக்கு இன்னும் ஆறு பாதை. லாரி நிக்கற மைதானத்த இந்த வரிசை ஓரத்துக்கே கொண்டு வர்றாங்க. அதப் பத்தி நம்ம அபிப்பிராயம் கேக்கறாங்களாம். அஞ்சு மணிக்கு, அந்தப் பக்கம் லைப்ரரியில. ஆளுக்கு மூணு நிமிஷம்."

தியோஃபிலோ சூரியனைப் பார்த்தான். பிறகு வரிசையின் தலைப்பக்கம் எங்கே என்று எட்டிப் பார்த்தான். தெரியவில்லை.

"இன்னைக்கு அஞ்சு மணிக்கா? அப்ப நீங்க நேத்தே வந்து நின்னிருக்கணும்."

முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒத்திலியா சிரிக்கவில்லை. அந்த மூன்று நிமிடத்தில் சொல்ல அவளிடம் ஒரே ஒரு விஷயம் இருந்தது. போன ஜூலையில், இதே வரிசையில், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவள் புருஷன் அபுந்தியோ வெயிலும் புகையும் சேர்ந்து அடித்ததில் சுருண்டு விழுந்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் செத்துப்போனார். அது எங்காவது பதிவாக வேண்டும். அதற்காகத்தான் வெள்ளைச் சட்டை.

இப்போது அந்தப் பக்கம் போவோம். நமக்கு வரிசை கிடையாது, கதை சொல்பவனுக்கு அந்த ஒரு சலுகை உண்டு.

வாசலை விரிவாக்குவதற்கு முன்னால், அதனால் காற்றுக்கும் மண்ணுக்கும் உயிர்களுக்கும் என்ன கெடுதல் வரும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதவேண்டும் என்பது சட்டம். எழுதியவன் நார்மன் பிராக்கமோன்டே. தலைநகரத்துக் கட்டட இலாகாவின் ஆள். அவனுடைய தாத்தா ஒருகாலத்தில் இதே வாசல் வழியாக நடந்து வந்தவர். அப்போது வாசலே கிடையாது என்பதால் வரிசையும் கிடையாது.

நல்ல அறிக்கை அது. தலையணை அளவுக்கு இருந்தது. திட்டம் நடக்கும் இடத்தில் வளையில் வாழும் ஆந்தைகள் ஒரு ஜோடி இருப்பதைக் கண்டுபிடித்து, அவற்றுக்குப் புது வளை வெட்டி, மேலே வெள்ளைத் துணியில் பந்தலும் போட்டிருந்தார்கள். வரிசையில் நிற்பவர்கள் வேலி இடுக்கு வழியாக அந்தப் பந்தலைப் பார்க்கலாம். பல மணி நேரம் பார்க்கலாம்.

மனிதர்களைப் பற்றியும் அறிக்கையில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. 'நடந்து கடப்போரின் சராசரிக் காத்திருப்பு பதினெட்டு நிமிடம்.' இது கட்டடத்தின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நுழைந்த பிறகு அளந்தது. கதவுக்கு வெளியே இருப்பது மெக்சிகோ. மெக்சிகோவை அளக்க இலாகாவுக்கு அதிகாரம் இல்லை. அடுத்த வாக்கியம்: 'திட்ட எல்லைக்குள் உடல்நலப் பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை.' இரண்டும் உண்மை. உண்மையை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய பொய்யைக் கட்டலாம் என்பதை அரசாங்கக் கட்டடக்கலையில் பார்க்கலாம்.

ஐந்து மணிக்கு லைப்ரரிக் கூடத்தில் ஐம்பது நாற்காலி போட்டிருந்தது. ஏ.சி. ஓடியது. மேசையில் பிஸ்கட் தட்டுகள். ஒரு மைக், ஒரு ஒலிப்பதிவுக் கருவி. நார்மனும் அவன் உதவியாளர் ஹாலியும் இருந்தார்கள். வேறு யாரும் இல்லை.

"யாருக்கும் ஆட்சேபணை இல்லபோல இருக்கு சார்" என்றாள் ஹாலி, மூன்றாவது பிஸ்கட்டை எடுத்தபடி.

நார்மனுக்கும் அப்படி நினைக்க ஆசைதான். கையெழுத்துப் பக்கம் முன்னால் இருந்தது. 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்று மேலே அச்சடித்து, கீழே அவன் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். ஏழு மணிக்குக் கூட்டம் முடிந்ததும் போட்டுவிடலாம்.

அப்போது அவன் போன் அடித்தது. அறிவிப்பில் போட்டிருந்த எண் அது.

"கூட்டம் நடத்தறவங்களா? நான் ஒத்திலியா. வந்துட்டே இருக்கேன். வரிசையில நிக்கறேன். மூடிடாதீங்க."

"தாராளமா வாங்கம்மா. நேரம் இருக்கு. பதினெட்டு நிமிஷத்துல வந்துடுவீங்கல்ல?"

மறுமுனையில் அவள் யாரிடமோ திரும்பி, "பதினெட்டு நிமிஷமாம்" என்று சொல்வது கேட்டது. அடுத்த ஆள் அதை அதற்கடுத்த ஆளிடம் சொன்னார். சிரிப்பு ஒரு ஆளிலிருந்து இன்னொரு ஆளுக்குத் தொற்றி, சுவர் திரும்பி, பல் டாக்டர்களைத் தாண்டிப் போவதை நார்மன் போனில் கேட்டான். வெகுநேரம் கேட்டது. வரிசையின் நீளத்தை அவன் அன்றுதான் முதன்முதலாக அளந்தான், காதால்.

"அங்க கூட்டத்துக்குன்னு எத்தனை பேர் நிக்கறாங்க?"

"இந்தச் சுவர்ப் பக்கத்துப் பின்பாதி வரிசை அதுக்குத்தான் நிக்குது, இன்ஜினியர்." எங்கள் ஊரில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய யாரும் இன்ஜினியர்தான்.

நார்மன் எழுந்தான். "நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன். அரை மணி நேரம் ஆகும்" என்று ஹாலியிடம் சொல்லிவிட்டு நடந்தான். தெற்கே போவது சுலபம். சுழல்கதவைத் தள்ளினால் மெக்சிகோ. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வரிசையைப் பார்த்ததும் கொஞ்சம் நின்றான். பிறகு அட்டையை உயர்த்திக் காட்டி, "கூட்டத்துக்கு வர்றவங்க என் பின்னாடி வாங்க" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தான்.

எங்கள் வரிசையில் எதை வேண்டுமானாலும் செய்யலாம். சாப்பிடலாம், காதலிக்கலாம், பல் வலிக்கு அழலாம். முந்த மட்டும் கூடாது.

"வரிசை, இன்ஜினியர், வரிசை" என்றார் ஒருவர் அமைதியாக.

"நான் அரசாங்க வேலையா..."

"நான் உங்க அமெரிக்க ராணுவத்துல வேலை பார்த்தவன். வரிசை."

"நான் அமெரிக்கப் பிரஜை" என்றான் நார்மன்.

"நானுந்தான்" என்றாள் பள்ளிக்கூடப் பையோடு நின்ற ஒரு பெண். அவளுக்குப் பின்னால் நின்றவனும் கை தூக்கினான். அவனுக்குப் பின்னால் இன்னும் நான்கு கைகள்.

அவன் கடைசியாகக் கதவுக் காவலரைப் பார்த்தான். காவலர் அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, திருப்பிக் கொடுத்து, வரிசையின் வாலைக் காட்டினார். அந்த அட்டை ஆந்தைகளிடம் மட்டும்தான் செல்லுபடியாகும்.

நார்மன் தேவாலயத்துச் சுவரோரம் கடைசி ஆளாகப் போய் நின்றான். கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கண் எரிந்தது. "இங்க டாய்லெட் எங்க?" என்று தியோஃபிலோவிடம் கேட்டான்.

"அந்தப் பக்கம், கதவுக்கு உள்ள. பதினெட்டு நிமிஷம்தான்." ஐஸைச் சீவிப் புளிப் பாகு ஊற்றி நீட்டினான் தியோஃபிலோ. "இதச் சாப்பிடுங்க. ஆனா பாத்துச் சாப்பிடுங்க. சாப்பிட்டா இன்னும் டாய்லெட் வரும்."

ஒத்திலியா இதையெல்லாம் முன்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்குள் அவள் இடம் கதவைத் தொடாது என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. குடையை மடக்கினாள். பகலெல்லாம் நின்று சம்பாதித்த இடத்தை விட்டுவிட்டு, நடந்து வந்து, நார்மனுக்குப் பின்னால் நின்றாள்.

"என்னம்மா, இடத்த விட்டுட்டு வந்துட்டீங்க."

"கூட்டமே இங்க வந்து நிக்குது. நான் எங்க போக?"

அவள் குரலை உயர்த்தவில்லை. சுவரில் கரி படிந்த ஓர் இடத்தைக் காட்டினாள். "போன ஜூலையில என் புருஷன் விழுந்த இடம் இது. பேரு அபுந்தியோ. உங்க புக்குல யாருக்கும் எதுவும் ஆகலன்னு இருக்காம், கிடங்குல ஒரு பையன் படிச்சுச் சொன்னான். எல்லைன்னு போட்ட மஞ்சக் கோடு அங்க கதவுகிட்ட இருக்கு. அத தாண்டிப் போய் விழுந்திருந்தா கணக்குல எடுத்திருப்பீங்களா, இன்ஜினியர்?"

எடுத்திருப்போம் என்பதுதான் பதில். அதைச் சொல்லும் துணிச்சல் நார்மனிடம் இல்லை.

"அந்தப் புகை மட்டும் கோட்டைத் தாண்டி வருது. உங்க கணக்கு வர மாட்டேங்குது. இப்ப லாரிய இன்னும் பக்கத்துல கொண்டு வரப்போறீங்க." வேலி இடுக்கில் தெரிந்த வெள்ளைப் பந்தலைப் பார்த்தாள். "ஆந்தைக்கு நிழல் போட்டது நல்ல காரியம். எனக்கு அது மேல கோவமில்ல. ஆனா அது உங்ககிட்ட நிழல் கேக்கல. நாங்க கேட்டோம்."

நார்மன் போனை எடுத்தான். "ஹாலி, போனை மைக்கில வை. இங்கேருந்தே பேசுவாங்க."

"முடியாது சார். 'நேரில் வருவோர் மட்டும்'னு அறிவிப்புல நீங்கதான் போட்டீங்க."

"சரி, நான் வர்ற வரைக்கும் மூடாதே."

"ஏழு ஆயிடுச்சு சார். 'பொதுமக்கள் எவரும் வரவில்லை'ன்னு எழுதிட்டேன். அதிகாரிங்கற இடத்துல உங்க பேரையும் போட முடியல. கூட்டம் முடியறப்ப நீங்களும் இங்க இல்லையே."

சிரிப்பு வரவில்லை நார்மனுக்கு. அவன் எழுதிய விதி, அவன் எழுதிய நிமிடம், அவன் எழுதிய எல்லை. மூன்றும் சேர்ந்து அவனையே வெளியே வைத்துப் பூட்டியிருந்தன. அவனுக்கு ஒரே ஒரு மாலைக்கு. அவளுக்கு ஒவ்வொரு நாளும்.

ஏழு மணி தாண்டியதும் கூட்டத்துக்கு நின்ற மற்றவர்கள் வீடு திரும்ப, வரிசை பாதியானது. நன்றாக இருட்டிய பிறகு நார்மனும் ஒத்திலியாவும் கண்ணாடிக் கதவைத் தொட்டார்கள். உள்ளே ஏ.சி. குளிர்ந்தது. அங்கிருந்து கவுன்டருக்குப் போய்ச் சேரப் பதினேழு நிமிடம் ஆனது. அறிக்கை ஒரு நிமிடம் கூட்டித்தான் எழுதியிருந்தது, தாராள மனசு.

லைப்ரரி வாசலில் ஹாலி சாவியோடும் மீதி பிஸ்கட்டோடும் நின்றிருந்தாள். நார்மன் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தான். விளக்கைப் போட்டான். ஒலிப்பதிவுக் கருவியை முடுக்கினான்.

"சார், நேரம் முடிஞ்சு போச்சு. இது செல்லாது."

"வரிசைய நீளமாக்கினது நாம. நேரத்தையும் நாமதான் நீட்டணும். உட்காரு."

ஒத்திலியா மைக் முன்னால் நின்றாள். ஐம்பது நாற்காலிகளைப் பார்த்தாள். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டாள். தன் பெயரைச் சொன்னாள், புருஷன் பெயரைச் சொன்னாள், அவர் விழுந்த இடத்தைச் சொன்னாள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. "வந்தவங்க பட்டியல்ல அவரையும் சேருங்க. அவர் எனக்கு முன்னாடியே வரிசைக்கு வந்தவர்" என்று முடித்தாள்.

அவள் உட்கார்ந்ததும் நார்மன் மைக்குக்குப் போனான். ஹாலி பேனாவைக் கீழே வைத்தாள். அவன் எழுதச் சொன்னான்.

"பேரு நார்மன் பிராக்கமோன்டே. இந்த அறிக்கைய எழுதினது நான்தான். வரிசையில நிக்காமலே வரிசையப் பத்தி எழுதினேன். மக்கள் வர முடியாத இடத்துல கூட்டத்தப் போட்டுட்டு, யாருக்கும் ஆட்சேபணை இல்லன்னு எழுத இருந்தேன். அது ஆய்வு இல்ல, பொய்ச்சாட்சி. யாருக்குப் பாதிப்புன்னு தெரியணும்னா, பாதிக்கப்படறவங்க நிக்கற இடத்துக்குப் போய்த்தான் கேக்கணும். கேக்காம போடற கையெழுத்துக்கு அந்தச் சாவுலயும் பங்கு இருக்கு. நான் இதுல கையெழுத்து போட மாட்டேன்."

கையெழுத்துப் பக்கத்தை எடுத்து, 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்ற வரியைக் குறுக்கே அடித்தான். அதன் கீழே, கோட்டின் மேல், தன் பெயருக்குப் பதிலாக அபுந்தியோவின் பெயரை எழுதினான்.

ஹாலி பிஸ்கட் தட்டை ஒத்திலியாவிடம் நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம்மா. இத வரிசைக்கு எடுத்துட்டுப் போங்க" என்றாள் ஒத்திலியா. "போறது சுலபம்தான். ரெண்டு நிமிஷம். திரும்பி வரும்போது உங்களுக்கும் எல்லாம் புரிஞ்சிடும்."