கறை படாத சட்டைகள்

கணவன் டோமினிக்கின் சட்டைகளில் கறை இல்லை என்பதைத் துணி ஊறவைக்கும்போதுதான் லிசி கவனித்தாள். வாழைக்கறை எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கொள்ளிடக் கரையில் அவன் ஷெட் போட்டதிலிருந்து ஒரு சட்டைகூட நல்ல நிறத்தில் வீடு திரும்பியதில்லை. இந்த வாரத்துச் சட்டைகளோ, ஆபீஸ் போய் வந்தவனுடையவை மாதிரி இருந்தன.

தார் வெட்டியதும் ஸ்ரீரங்கத்துத் தோப்புகளில் வாழை மரங்களைச் சாய்த்து வாய்க்கால் ஓரம் தள்ளிவிடுவார்கள். அவை அழுகி, நாறி, தண்ணீரை மறித்துக் கிடக்கும். அவற்றை டிராக்டர் டிராக்டராக அள்ளி வந்து, நார் எடுத்து, நறுக்கி, பசை சேர்த்து, சூடான பிரஸ்ஸில் அழுத்திப் பலகையாக்குவது என்றுதான் டோமினிக் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினான். பலகை வந்தது, ஆனால் காய்ந்ததும் அப்பளம் மாதிரி வளைந்தது. மழைக்காலத்தில் ஓரம் பிரிந்தது.

இரண்டு நாள் முன்பு ஒரு பலகையை வீட்டுக்கே கொண்டுவந்தான். நேராக, வழவழவென்று, மேலே நார் இழைகள் ஓட, பார்க்கவே அழகாக இருந்தது. பள்ளிக்கூட பெஞ்சு செய்யும் ஷஹனாஸ் சனிக்கிழமை நேரில் பார்க்க வருவதாகச் சொன்னான். அன்று லிசிக்குக் கண் கலங்கிவிட்டது. மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

இப்போது சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளுக்கு அந்த அழகே உறுத்தியது. அத்தனை நாள் வராத பலகை, கையில் கறையே படாமல் எப்படி வந்தது?

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தாள். வேலை செய்யும்போது இப்போதெல்லாம் ஏப்ரன் கட்டிக்கொள்வதாகச் சொன்னான். சொல்லும்போது தட்டைத்தான் பார்த்தான். அப்படி ஒரு ஏப்ரன் துவைக்க வந்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம், தான் பில் போடும் ஆஸ்பத்திரியில் தலைவலி என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம், தான் நினைப்பது தப்பாக இருக்கட்டும் என்றே வேண்டிக்கொண்டாள்.

ஷெட் வாசலில் குவிந்திருந்த வாழை மரங்கள் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தன. பிரஸ்ஸைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. உள்ளே வேலையாள் காத்தமுத்து, கடையில் விற்கும் மரத்தூள் பலகைகளை வரிசையாகக் கிடத்தி, அவற்றின் மேல் காகிதக் கனத்தில் வாழைநார்த் தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் எழுந்தார். “சார் சொன்னபடிதாம்மா ஒட்டுறேன்” என்றார். குரலில் பயம் இருந்தது.

பின்னாலேயே டோமினிக் வந்தான். காத்தமுத்து டீ குடிக்கப் போவதாகச் சொல்லி நழுவினார்.

“ஏமாத்தணும்னு இல்ல லிசி. ஆர்டர் கைக்கு வந்துட்டா, சரக்கு அனுப்புறதுக்குள்ள நிஜப் பலகையைச் சரி பண்ணிடுவேன். அதுவரைக்கும்தான்.”

“அதுவரைக்கும் எங்கிட்டயும் பொய்யா?”

அவன் ஒட்டாமல் கிடந்த நார்த் தாள் ஒன்றை எடுத்து மடித்து வைத்தான்.

“நாளைக்கு அவங்க வரும்போது நானும் இருப்பேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

மறுநாள் ஷஹனாஸ் வந்தார். பலகையைத் தடவினார், தட்டினார், நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார். டோமினிக் லிசியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன் அரத்தை எடுத்து ஓரத்தைச் சுரண்டினான். நார் உரிந்து, உள்ளே மரத்தூள் தெரிந்தது. நடந்ததைத் தலைகுனிந்தபடி சொல்லி முடித்தான்.

ஷஹனாஸ் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நிஜப் பலகை எங்கே என்று கேட்டார். மூலையில் கிடந்த வளைந்த ஒன்றை டோமினிக் எடுத்து வந்தான். அவர் அதைக் காலால் மிதித்துப் பார்த்தார்.

“பெஞ்சுக்கு ஆகாது. லாரியில ஏத்தும்போது மூலை அடிபடாம இருக்க தெர்மோகோல் வைக்கிறோம். அதுக்குப் பதிலா வைக்க வேணா இதுல கொஞ்சம் அனுப்புங்க, பாக்கலாம். ஆனா இனிமே சாம்பிளை நான் இங்க வந்து, என் கண் முன்னாடி பிரஸ்ஸில அடிக்கச் சொல்லித்தான் எடுப்பேன்.”

சின்ன வேலைதான். ஆனாலும் பிரஸ் மறுபடி சூடேறியது. காத்தமுத்து அழுகிய குவியலை அப்புறப்படுத்தினார். புது மரங்கள் வந்து இறங்கின. தடித்த மூலைத் துண்டுகள் வளைந்தாலும் பாதகமில்லை.

லிசி சனிக்கிழமைகளில் ஷெட்டுக்குப் போகத் தொடங்கினாள். நார் உலர்த்தக் கூடமாட உதவுவதற்கு என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில் எதற்கு என்று டோமினிக்குக்குத் தெரியும். ஒரு நாள், நிஜப் பலகை ஒன்று வளையாமல் காய்ந்திருப்பதாகப் போனில் சொன்னான். சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். லிசி செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள், அதை உடைத்து உள்ளே பார்ப்பதற்கு.