கோழியிடம் சொன்ன பேச்சு

ஸியாதா ஒரே ஓரத்தை மூன்றாவது தடவையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். துணியின் மேல்பக்கம் பார்த்தால் தையல் ஏதோ தையல் மாதிரி இருந்தது. புரட்டினால் அடியில் நூல் சுருண்டு சுருண்டு குருவிக்கூடு கட்டியிருந்தது. கைச்சக்கரத்தைச் சுழற்றினால் பத்துத் தையல் ஓடும். பிறகு மிஷின் முனகிக்கொண்டு நின்றுவிடும்.

இரண்டு மணிக்கு டாங்கா நகருக்குப் போகிற பஸ். அதில் எதிர்வீட்டு மோசா போகிறாள். போய்த் திரும்புகிற பயணம் இல்லை, டாங்காவில் வண்டி மாறிப் போய், தூரத்து ஏரிக்கரை ஊரான முவான்சாவில் மகன் வீட்டோடு இருந்துவிடப் போகிறாள். அதற்குள் இந்தக் காங்கா துணிக்கு ஓரம் அடித்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். இன்று விட்டால் இனி எப்போது? இருவருக்கும் பேச்சு நின்று பதினான்கு மாதம் ஆகிறது.

சண்டைக்குக் காரணமும் ஒரு காங்காதான். கடலோர ஊரான இந்தப் பங்கானியில் காங்கா உடுத்தாத பெண் கிடையாது. அடிக்கரையில் ஒரு வரி அச்சடிக்காத காங்காவும் கிடையாது. வாயால் சொன்னால் வம்பாகிவிடும் என்கிற பேச்சை இடுப்பில் சுற்றிக்கொண்டு நாலு வீட்டு முன்னால் நடந்தால் போதும், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடும். மகன் புதுத் தகரக் கூரை போட்டுக் கொடுத்தான் என்று மோசா தெருவையே கூப்பிட்டுச் சோறு போட்ட நாளில் ஸியாதா கட்டிக்கொண்டு போன துணியில் இருந்த வரி: ‘உன் பெருமை உன் வாசலோடு இருக்கட்டும்.’ மோசா கையில் கரண்டியோடு அந்த வரியை ஒருமுறை படித்தாள். ஸியாதாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான்.

கடையில் மடித்து வைத்திருந்தார்கள், நிறம் பிடித்திருந்தது, வரியைப் பார்க்கவே இல்லை என்று ஸியாதா தெருவெல்லாம் சொல்லி ஓய்ந்தாள். நம்பினவர்கள் நம்பினார்கள். மோசா நம்பியதாகத் தெரியவில்லை.

ஸியாதாவின் கணவன் இறந்து எட்டு வருடம். ஒரே மகள் மஸ்கட்டில். அந்தத் தனிமைகளை எல்லாம் அவள் எப்படியோ பழகிக்கொண்டாள். மரவள்ளிக்கிழங்கைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துவிட்டு, எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோக முடியாமல், மிச்சத்தை மறுநாளும் தானே உட்கார்ந்து தின்பதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

போன வாரம் சந்தையில், வெட்டாமல் ஒரே துணியாக விற்கும் ஒரு ஜோடி காங்கா கண்ணில் பட்டது. வரி: ‘தவறியது நாக்கு, மனம் அல்ல.’ நடுவில் வெட்டினால் ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. சிநேகிதிகள் அப்படித்தான் பங்கிட்டுக்கொள்வார்கள். ஆனால் வெட்டிய விளிம்பைப் பிசிறோடு கொடுத்தால் கழித்துப் போட்டதைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இவளுக்கு இருக்கிற கெட்ட பெயர் போதாதா?

இருபது வருடமாக இந்த மிஷினில் நூல் கோர்த்தவள் மோசா, சக்கரம் சுற்றியவள் ஸியாதா. பேச்சு நின்ற பிறகு மிஷின் மூடியே கிடந்தது. இன்று அடியில் சிக்குகிறது, ஆகவே கோளாறு அடியில்தான் என்று ஸியாதா அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றித் துடைத்தாள். வேறு நூல் சுற்றினாள். பாபின் கேஸின் குட்டித் திருகை அரைச் சுற்று முறுக்கினாள். ஊசியையும் மாற்றினாள். மறுபடியும் குருவிக்கூடு. தலைவலிக்குக் காலில் தைலம் தேய்த்த கதைதான்.

எதிர்வாசலில் மூட்டை கட்டும் சத்தம் நின்றது. பேச்சு இல்லாத இரண்டு பெண்கள் சொல்ல வேண்டியதைக் கோழியிடமோ பானையிடமோ சொல்வது அந்தத் தெரு வழக்கம். பதினான்கு மாதத்தில் மோசா அப்படிக்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது அவள் குரல் கணீரென்று கேட்டது.

“ஏ கோழி! இங்க வந்து கேளு. சில பேரு துணியை அமுக்குற மிஷின் காலை இறக்கி வெச்சுட்டே நூலைக் கோப்பாங்க. அப்புறம் நூலு, அதை இறுக்கிப் பிடிக்கிற அந்த ரெண்டு தட்டுக்கு நடுவுல எப்படிப் போகும்? மேலாப்புல வழுக்கிட்டுக் கெடக்கும். இவங்க பாபினைப் போட்டுக் குடைவாங்க. சத்தத்தை வெச்சே சொல்றேன், அடியில சிக்குனா கோளாறு மேல இருக்குடீ, கோழி!”

ஸியாதா சக்கரத்தை விட்டாள். அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். “ஏ பானை! காலைத் தூக்கிட்டுக் கோக்கணும்னு இருபது வருஷத்துல ஒரு தடவை சொல்லிக் குடுத்தா கொறைஞ்சா போயிருப்பாங்க?”

மோசாவின் குரல் இறங்கி வந்தது.

“சொல்லிக் குடுத்திருந்தா, அப்புறம் நூல் கோக்க என்னை யாருடீ கூப்பிடுவா, கோழி?”

ஸியாதா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்காவிட்டால் ஊசிக்காது தெரியாது. மிஷின் காலைத் தூக்கினாள், நூலை மேலிருந்து புதிதாகக் கோர்த்தாள், காலை இறக்கினாள். நூலை இழுத்தபோது இறுக்கம் கையில் தெரிந்தது. முறுக்கின திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினாள். தையல் ஓடியது. புரட்டிப் பார்த்தாள், அடியும் மேலும் ஒன்றுபோல இருந்தது.

அவள் துணியோடு பஸ் நிறுத்தத்துக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பஸ் உறுமிக்கொண்டிருந்தது. மோசா படிக்கட்டில் நின்றபடியே துணியை வாங்கி, விரித்து, வரியைத் தேடிப் படித்தாள்.

“இந்தத் தடவை படிச்சுட்டுதான் வாங்குனியா?”

“ஆமாம்” என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும்.

“படிச்சேன், மோசாக்கா. ஆனா இந்த வரி பொய்யி. நாக்கு தவறல, மனசுதான் தவறுச்சு. அன்னைக்கும் படிச்சுட்டுதான் வாங்குனேன். உன் கூரையைப் பாத்து வயிறு எரிஞ்சுச்சு.”

“ஏறும்மா, ஏறு!” என்று கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினான்.

“தெரியும்டீ” என்றாள் மோசா. “உன் வாயால இதைக் கேக்கத்தான் பதினாலு மாசமா வாசல்ல உக்காந்திருந்தேன். பாவி, பஸ்ஸுக்கு நேரமான பொறவு வந்து சொல்ற.” துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். “கோழியை உன் வீட்டுப் பக்கம் வெரட்டி விட்டிருக்கேன். தவிடு போடு.”

பஸ் திரும்பும்வரை ஸியாதா நின்றாள். வீட்டுக்கு வந்தபோது கோழி மிஷினுக்குக் கீழே கிடந்த நூல் பிசிறைக் கொத்திக்கொண்டிருந்தது.

தன் பாதியை எடுத்து விளிம்பை மடித்தாள். காலைத் தூக்கி, நூலைப் புதிதாகக் கோர்த்து, காலை இறக்கி, சக்கரத்தைச் சுற்றினாள். ஒரு சிக்கல்கூட இல்லை.

“ஏ கோழி” என்றாள், எதிர்வீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு உரக்க. “சரியாக் கோத்துட்டேன்னு சொல்லு.”

எதிர்வீட்டுக் கதவு பூட்டியிருந்தது.