கிழிக்கிற கை

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் முழுசாகச் செய்வதில்லை என்பது பெரியவரின் தீராத புகார். டீயைப் பாதி குடித்துவிட்டு வைக்கிறார்கள். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு போனைப் பார்க்கிறார்கள். கதவைப் பாதி சாத்திவிட்டுப் போகிறார்கள், மீதியைச் சாத்த வீட்டில் ஒரு கிழவன் இருக்கிறான் என்ற தைரியத்தில். இப்போது பேத்தி சினிமா எடுக்கப் போகிறாளாம். அதிலும் ஆரம்பம் மட்டும்.

தெருவில் அவருக்குப் பெயர் 'பூட்டு'. வீட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்குவார், தெருமுனை வரை போவார், மனசு கேட்காமல் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். சரக்குக் கிடங்கில் காவல் இருந்தே தேய்ந்த உடம்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அதற்கு மேல் பள்ளிக்கூடம் அவரை வைத்துக்கொள்ளவில்லை.

பேத்திக்கு மீடியா பாடம். கூடப் படிக்கும் இரண்டு பேர் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கழுத்து நீண்டு வளர்ந்த பையன் ஒட்டகம், கேமரா அவனுடையது. எதற்கெடுத்தாலும் நேரம் பார்க்கிற பெண்ணுக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். தரையில் விரித்த சார்ட்டில் பென்சில் கட்டங்கள். காகிதம் சுருளாமலிருக்க மூலைக்கொரு டம்ளர், ஒவ்வொன்றிலும் பாதி டீ.

குற்றக் கதையின் முதல் இரண்டு நிமிடம்தான் பரீட்சை என்று பேத்தி விளக்கினாள். மழை வரப்போகிற சாயங்காலம். பஸ் நிறுத்தத்துச் சுவரில் வரிசையாகக் காணவில்லை போஸ்டர்கள். ஒரு கை வந்து அதில் ஒன்றைக் கிழிக்கிறது. அதோடு படத்தின் பெயர் வரும், முடிந்தது.

“கிழிக்கிறவன் யாரு?” என்றார் பெரியவர்.

“தெரியாது தாத்தா.”

“எதுக்குக் கிழிக்கிறான்?”

“அதுவும் தெரியாது. பாக்கறவங்க அதத்தான் யோசிக்கணும்.”

“எடுக்கிற உங்களுக்குமா தெரியாது? சரி, காணாமப் போனவன் கதி?”

ஒட்டகம் நெளிந்தான். “அவன் வரவே மாட்டான் தாத்தா. போட்டோவுல மட்டும்தான். ரெண்டு நிமிஷத்துக்குத்தான் மார்க்கு, அதுக்கப்புறம் அவனுக்கு என்ன ஆனா நமக்கென்ன?”

உள்ளறையில் ஆஸ்பத்திரி உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகளின் கை நின்றது. அவளுக்கு ஒரு தம்பி உண்டு, சின்னவன். வருஷக்கணக்குக்கு முன்னால் அப்பாவோடு வாய்த்தகராறு முற்றி, சட்டையை மாட்டிக்கொண்டு போனவன் போனவன்தான். தேடக்கூடாது, புகார் கொடுக்கக்கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார் பெரியவர். போகத் தெரிந்தவனுக்கு வரவும் தெரியும் என்றார். சுவரில் இருந்த அவன் படத்தையும் அவர்தான் கழற்றி மகளின் பெட்டிக்குள் போட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேச்சு எழுந்ததில்லை.

கிழிக்கிற கைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. நரம்போடின கிழட்டுக் கையாக இருக்க வேண்டுமாம். மூன்று ஜோடிக் கண்கள் அவர் கையில் வந்து நின்றன. இன்று கையைக் கேட்பவர்கள் நாளை கையெழுத்தும் கேட்பார்கள் என்று முனகினார். ஆனால் அந்த மார்க்கை நம்பித்தான் பேத்தியின் மேற்படிப்பே இருந்தது, ஒத்துக்கொண்டார்.

வெற்றுத்தாளைக் கதவில் ஒட்டிப் பழக்கினார்கள். கோபமும் கூடாது, பயமும் கூடாது, தினம் செய்கிற வேலை மாதிரி ஒரே இழுப்பில் கிழிக்க வேண்டும் என்றான் ஒட்டகம். அது அவருக்கு நன்றாகவே வந்தது. ஓரம் பிடித்தால் மறு ஓரம் வரை ஒரே கிழிசலாக வரும். கணக்குப்பிள்ளை கூடத் தலையாட்டினாள்.

மேகம் இறங்கியிருந்த ஒரு சாயங்காலம் ஒத்திகைக்கு அழைத்துப் போனார்கள். கேமராவைப் பார்க்காதீர்கள், தரையைப் பார்த்தே வாருங்கள் என்று சொல்லியிருந்ததால் குனிந்தபடியே நடந்தார். சாக்பீஸால் போட்டிருந்த கோட்டில் நின்றார். கையைத் தூக்கினார். பிறகுதான் முகத்தைத் தூக்கினார்.

சுவரில் சின்னவன் இருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி அதே அரைச் சிரிப்பு. மேலே தடித்த எழுத்தில் காணவில்லை.

கை காற்றிலேயே நின்றது. பெரியவர் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினார். பசை ஈரமாக இருந்தது. மெதுவாக, நெற்றி கிழியாமல், காது கிழியாமல், தாளை முழுசாக உரித்து எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

பிரமாதம் என்று ஒட்டகம் கிசுகிசுத்தான். ரொம்ப நேரம் எடுத்துவிட்டது, ரெண்டு நிமிஷத்தில் அடங்காது என்றாள் கணக்குப்பிள்ளை.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் கேட்டார். “அவன் படம் எதுக்கு?”

பேத்தி ஒரு அடி பின்தங்கினாள். “நெட்ல எடுக்கக்கூடாது, சொந்தப் படமா இருக்கணும்னு மிஸ் சொன்னாங்க. யாருக்கும் தெரியாத முகமா இருக்கட்டும்னு நாங்க பேசினோம். அம்மா பெட்டியில இருந்த மாமா முகம்தான்... யாருக்கும் தெரியாதுல்ல தாத்தா. எனக்கே தெரியாது.”

“கீழ இருக்கிற நம்பரு?”

“உங்களோடதுதான். தெரியாத நம்பர்னா நீங்க எடுக்கவே மாட்டீங்க. அதான் பத்திரம்னு போட்டேன்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குப் பாரம் இறங்கியிருக்கும்.

மறுநாள் பிள்ளைகள் போய் மிச்சப் போஸ்டர்களை எடுத்து வந்தார்கள். ஒன்று மட்டும் குறைந்தது. காற்று கொண்டுபோயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து பெரியவர் எல்லா அழைப்பையும் எடுக்க ஆரம்பித்தார். கடன் வேண்டுமா என்று கேட்ட பெண்ணிடம், “எங்க பாத்தீங்க?” என்றார். அவள் பயந்து வைத்துவிட்டாள். தவறான எண்ணுக்குப் போட்டவனை விடாமல் பிடித்துக் குறுக்கு விசாரணை செய்தார். மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அப்பாவின் போனை மட்டும் சார்ஜில் போட்டுவிட்டுப் போனாள்.

அப்படி ஒரு நாள் ஒரு ஆண் குரல் வந்தது. போஸ்டரில் இருக்கிற ஆளைத் தெரியும் என்றது.

“எவ்வளவு வேணும்?” என்றார் பெரியவர்.

“காசெல்லாம் வேணாங்க. சலூன் வச்சிருக்கேன். நம்ம கடைக்கு வர்றவரு.”

விலாசம் கேட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். விலாசம் நிஜமாகவே இருந்தது, அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. ஒடுங்கிய கடை, இருக்கையின் கிழிசலுக்கு டேப் ஒட்டிய நாற்காலி, ஓரம் கறுத்த கண்ணாடி. கண்ணாடியின் மூலையில் ஒட்டிய போஸ்டரில் சின்னவன். பெரியவர் தான் இன்னாரென்று சொல்லவில்லை. முடி வெட்ட வேண்டும் என்று உட்கார்ந்தார்.

சலூன்காரர் அவர் வழுக்கைத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “எங்கய்யா வெட்டட்டும்? காட்டுங்க.”

“காதோரம் இருக்கறத வெட்டு. வாய வெட்டாத.”

கத்தரி ஓட ஆரம்பித்ததும், கண்ணாடியில் ஒட்டியிருப்பது யார் என்று வேண்டுமென்றே அலட்சியமாகக் கேட்டார். சொல்வது போனில் சொன்னதோடு ஒத்துவருகிறதா பார்க்கலாம். சலூன்காரர் தடுமாறாமல் சொன்னார். முடி காதை மறைத்தால்தான் வருவாராம். பேச மாட்டார், கண்ணாடியைப் பார்க்க மாட்டார், குனிந்தே இருப்பார். போட்டோவை விட வயசாகிவிட்டது, கன்னம் ஒட்டிவிட்டது. பஸ்ஸுக்கு நின்றபோது சுவரில் பார்த்து அடையாளம் தெரிந்து உரித்து வந்தேன் என்றார்.

“இந்த மாதிரி மூஞ்சி ஆயிரம் இருக்கும்.”

“மூஞ்சி இருக்கலாம். உச்சியில ரெட்டைச் சுழிங்க அவருக்கு. சீப்பு எந்தப் பக்கம் போட்டாலும் படியாது.”

போர்வைக்குள் பெரியவரின் கை நாற்காலியைப் பிடித்தது. போஸ்டரில் உச்சந்தலை தெரியாது. அது தெரிந்தவர்கள் அந்த வீட்டில் மூன்றே பேர், அதில் அவர் மனைவி இல்லை இப்போது. எத்தனை எண்ணெய் வைத்துத் தேய்த்தாலும் நட்டுக்கொண்டு நிற்கும் முடி. எவனுக்கும் அடங்க மாட்டேன் என்று பிறந்திருக்கிறான் பார் என்று அவள் சிரிப்பாள்.

“கடைசியா எப்ப வந்தான்?”

“மழைக்கு முன்னாடி. இத ஒட்டினதுக்கப்புறம் இன்னும் வரல. வந்தா அவரே பாத்துக்குவாரு.” சலூன்காரர் கத்தரியை நிறுத்தினார். “நீங்க அவருக்கு என்ன வேணும்?”

கண்ணாடியில் அவர் முகமும் போஸ்டர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

“ஒண்ணும் வேணாம். அது சினிமாவுக்காகப் பசங்க ஒட்டினது. எல்லாம் பொய்யி.”

“அடப்பாவமே. நான் பாட்டுக்கு வச்சிருக்கேன். கிழிச்சிரட்டுமா?” அவர் கை போஸ்டருக்குப் போய்விட்டது.

“இரு,” என்றார் பெரியவர். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. “கண்ணாடி பாழாப் போகும். அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

காசைக் கொடுத்தார். போஸ்டரின் கீழ்மூலை ஒன்று பிரிந்து தொங்கியது. போகிற போக்கில் கட்டைவிரலால் அதை அழுத்தினார். ஒட்டவில்லை. எச்சில் தொட்டு இன்னொரு தரம் அழுத்திவிட்டு வெளியே இறங்கினார்.

சுழியாம், சுழி. ஊரில் எத்தனை தலை இருக்கிறது. எவனோ வந்து குனிந்து உட்கார்ந்திருப்பான், இந்த ஆள் நாள் பூராவும் நின்று பேசிப் பழகியவன், அளந்துவிட்டான். பெற்ற மகனை இன்னொருத்தன் சொல்லியா தெரிந்துகொள்ள வேண்டும்? நம்புவதற்கு இதில் ஒன்றுமில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, சத்தம் கூட்டித்தான் வைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.